கிம், லீ, பார்க்: கொரியக் கலைஞரும் அவர்தம் குடிப்பெயர்களும்

"சோல் நகரிலே கிம் ஐயாவைத் தேடுவது போல" என்பது கொரிய நாட்டாரிடையே வழங்கும் ஒரு பழமொழி. முடியாத கருமத்தில் முயல்வாரை நோக்கி அவர்கள் இவ்வாறு நகைப்பர். சோல் தென் கொரியாவின் தலைநகர். கிம் என்பது அந்நாட்டில் மிகப் பலருக்குரிய குடிப்பெயர். அந்நகரின் நடுவே நிற்கும் நம்சான் மலையிலிருந்து ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு கிம்மின் தலையிலோ ஒரு லீயின் தலையிலோதான் விழும் என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உளர்.

இவ்வேடிக்கையின் பொருளை அறிவதற்கு நாம் கொரியாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பாடல்களையும் பார்க்கும் தொடர்நாடகங்களையும் அளித்த கலைஞர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும். உலகெங்கும் புகழ்பெற்ற பி.ரி.எஸ். இசைக்குழுவினர் எழுவர். அவர்கள் கிம் நாம்-ஜூன், கிம் சொக்-ஜின், கிம் தே-ஹியுங், பார்க் ஜி-மின், ஜங் ஹோ-சொக், மின் யூன்-கி, ஜொன் ஜங்-குக் என்போர். எழுவருள் மூவர் கிம்! பிளாக்பிங்க் என்னும் மகளிர் குழுவின் நால்வருள், தாய்லாந்திற் பிறந்த லீசா நீங்கலாக, எஞ்சிய மூவரில் இருவர் கிம்; ஒருவர் பார்க். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்குவிட் கேம் என்னும் தொடரை எடுத்துக்கொண்டால், லீ ஜங்-ஜே, லீ பியுங்-ஹன், பார்க் ஹே-சூ என்று அங்கும் அப்பெயர்களே வந்து நிற்கின்றன.

இவர்கள் யாவரும் ஒருவருக்கொருவர் உறவினரோ? இப்பெயர்கள் முற்காலத்தில் முடிசூடி ஆண்ட மன்னர்களுக்கு உரியவை என்கின்றனரே; அவ்வாறாயின் இக்கலைஞர் யாவரும் அரச வம்சத்தினரோ? பிள்ளைகள் இவ்வாறு வினவுவாராயின், பெற்றோர் கூறத்தக்க விடை மிகச் சுவையானது. சிறிது மனத்தை வருத்துவதுமாகும். அதனையே நாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

மூன்று பெயருள் அடங்கும் நாடு

தென் கொரியாவில் 2015ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசனமதிப்பின்படி, கிம் என்னும் பெயருடையோர் ஏறக்குறைய 1 கோடியே 7 இலட்சம் பேர். லீ என்போர் 73 இலட்சம்; பார்க் என்போர் 42 இலட்சம். இம்மூன்று பெயரினரையும் கூட்டினால் நாட்டு மக்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேலாகும். இவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளவை சொய், ஜங் என்னும் பெயர்கள்.

தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகக் கொள்ளும் நம்மவர்க்கு இம்முறை சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். கொரியர் குடிப்பெயரை முன்னும் இட்ட பெயரைப் பின்னும் வைப்பர். கிம் நாம்-ஜூன் என்பதில் கிம் குடிப்பெயர். நாம்-ஜூன் பெற்றோர் இட்ட பெயர். விவாகத்தின் பின்னும் பெண்கள் தம் பிறந்த குடியின் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு வீட்டிலே தாயின் பெயர் ஒன்றாகவும், தந்தை மக்களின் பெயர் வேறொன்றாகவும் இருப்பது அங்கு இயல்பு.

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. நாம் லீ என்று சொல்லும் பெயரைத் தென் கொரியர் 'ஈ' என்றே உச்சரிப்பர். வட கொரியர் 'ரி' என்பர். தென் கொரியாவின் முதற் சனாதிபதியாகிய சிங்மன் றீயின் பெயரும் இதே பெயர்தான். பார்க் என்பதிலும் 'ர்' என்னும் ஒலி கொரிய மொழியில் இல்லை. அது ஆங்கில எழுத்தின் வழியாக வந்து புகுந்துகொண்டது. அவர்கள் சொல்வது 'பாக்' என்பதே.

பெயர் ஒன்றாயினும் குடி ஒன்றன்று. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மூல ஊர் உண்டு. அதனைப் 'பொன்குவான்' என்பர். கிம்ஹே ஊரைச் சார்ந்த கிம், கியோங்ஜு ஊரைச் சார்ந்த கிம் என்று பிரித்துக் கூறுவர். கிம்ஹே கிம் குடியினர் மட்டும் 44 இலட்சம் பேருக்கு மேல். மிர்யாங் பார்க் குடியினர் 31 இலட்சம். ஜொன்ஜு லீ குடியினர் 26 இலட்சம். ஒவ்வொரு குடிக்கும் 'ஜொக்போ' எனப்படும் வமிசாவளி ஏடு உண்டு. முதல் முன்னோன் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருக்கும்.

பொன் முட்டையும் சுரைக்காயும்

அம்முதல் முன்னோர் யாவர்? அவர்களைப் பற்றிய கதைகள் புராணச் சுவை நிரம்பியவை. 'கிம்' என்னும் பெயருக்குரிய சீன எழுத்துப் பொன்னைக் குறிப்பது. கி.பி. 42இல் வானத்திலிருந்து இறங்கிய பெட்டியொன்றில் ஆறு பொன் முட்டைகள் இருந்தன என்றும், அவற்றுள் ஒன்றிலிருந்து தோன்றிய சுரோ என்பவன் காயா நாட்டின் மன்னனாகிக் கிம்ஹே கிம் குடியின் மூலவனானான் என்றும் கூறுவர். கியோங்ஜு கிம் குடியின் மூலவன் அல்ஜி என்பவன். வெண்சேவல் ஒன்று கூவிய காட்டிலே, மரத்தில் தொங்கிய பொற்பேழையுள் அவன் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டானாம். பார்க் குடியினர் யாவருக்கும் மூலவன், கி.மு. 57இல் சில்லா இராச்சியத்தை நிறுவியவனாகக் கூறப்படும் ஹியோக்கோசே. அவன் தோன்றிய முட்டை சுரைக்காய் வடிவினதாயிருந்தமையால், சுரைக்காயைக் குறிக்கும் 'பாக்' என்னும் சொல் அவன் குடிக்குப் பெயராயிற்று என்பர்.

சுரோ மன்னனின் கதையில் நமக்கும் ஆர்வமூட்டும் செய்தி ஒன்றுண்டு. இர்யொன் என்னும் பௌத்த துறவி 13ஆம் நூற்றாண்டிலே தொகுத்த சம்குக் யுசா என்னும் நூலில், அம்மன்னனின் அரசி ஹோ ஹ்வாங்-ஒக் என்பாள் கி.பி. 48இல் 'ஆயுத' நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவள் என்று கூறப்படுகின்றது. அந்நாடு வட இந்தியாவின் அயோத்தி என்பார் பலர். 2001இல் அயோத்தியில் அவ்வரசிக்கு ஒரு நினைவுச் சின்னமும் நிறுவப்பட்டது. தென்றமிழ் நாட்டின் ஆய் நாடே அது என்பாரும் உளர். எனினும் வரலாற்றறிஞர் இதனைப் பழங்கதையாகவே கொள்வர். தாயின் குடிப்பெயரும் நிலைக்க வேண்டுமென்று அரசி விரும்பியமையால் மைந்தரில் இருவர் ஹோ எனப் பெயர் பெற்றனர் என்பது மரபு. அதனால், கிம்ஹே கிம் குடியினரும் கிம்ஹே ஹோ குடியினரும் தம்முள் மணஞ்செய்தலாகாது என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று.

லீ என்னும் பெயருக்குப் பெருமை தந்தவன் லீ சொங்-கியே என்னும் படைத்தலைவன். 1392இல் அவன் நிறுவிய ஜோசொன் அரசு 1910 வரை நிலைத்தது. 1446இல் கொரிய எழுத்தை மக்களுக்கு வெளியிட்ட பேரரசன் செஜோங்கும் இக்குடியினனே.

பெயரற்றோர்

இக்கதைகளைக் கேட்போர், 'கொரியர் அனைவரும் மன்னர் மரபினரே' என்று எண்ணுதல் கூடும். உண்மை அதற்கு மாறானது. பழங்காலக் கொரியாவிற் குடிப்பெயர் என்பது உயர்ந்தோரின் உடைமையாகவே இருந்தது. கொர்யோ அரசர் காலத்திலே, 1055இல், குடிப்பெயர் இல்லாதோர் அரச உத்தியோகத்துக்குரிய பரீட்சைக்குத் தகுதியற்றோர் என விதிக்கப்பட்டது. அந்நாளில் பெயர் ஒரு திறவுகோலாயிருந்தது. அஃதில்லாதார்க்குக் கதவுகள் திறக்கவில்லை.

ஜோசொன் அரசின் சமுதாயத்தில் மேனிலையில் இருந்தவர் 'யாங்பன்' எனப்படும் பிரபுக்கள். அடிநிலையில் இருந்தோர் 'சொன்மின்', அதாவது இழிந்தோர் எனப்பட்டனர். அடிமைகள், இறைச்சி வெட்டுவோர், வெறியாடும் பூசாரிகள், 'கிசேங்' எனப்படும் ஆடல்மகளிர் ஆகியோரோடு கூத்தரும் பாடகரும் அவ்வடிநிலையிலேயே வைக்கப்பட்டிருந்தனர். சில காலங்களில் மக்களில் மூன்றிலொரு பங்கினர் அடிமைகளாயிருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அவ்வடிமைகளிற் பெரும்பாலார்க்குக் குடிப்பெயர் கிடையாது. நாயையும் கல்லையும் குறிக்கும் சொற்களாலேகூட அவர்கள் அழைக்கப்பட்டதுண்டு.

இன்று உலகம் போற்றும் கொரியக் கலைஞரின் முன்னோடிகள் அக்கால 'குவாங்தே' என்னும் கூத்தரே. நாற்பது ஐம்பது பேர் கூடி ஊர் ஊராகச் சென்று, மேளம் கொட்டியும், தட்டுச் சுழற்றியும், கயிற்றில் நடந்தும், முகமூடிக் கூத்தும் பொம்மலாட்டமும் நிகழ்த்தியும் வயிறு வளர்த்த 'நம்சாதாங்' குழுவினரும் அவருள் அடங்குவர். 19ஆம் நூற்றாண்டிலே அத்தகைய குழுவொன்றின் தலைவியாக விளங்கிய இளம்பெண்ணொருத்தியை ஆன்சொங் வட்டாரத்து மக்கள் இன்றும் கொண்டாடுகின்றனர். கிம் அம்-தொக் என்பது அவளுடைய இயற்பெயராகக் கூறப்படினும், மக்கள் நாவில் நிலைத்தது பாவுதொகி என்னும் செல்லப் பெயரே.

யொன்சான் என்னும் கொடுங்கோல் மன்னன் முன் கொங்-கில் என்ற கூத்தன் முதுபுலவர் வேடந் தரித்து நடித்தான். அரசன் அரசனுக்குரிய முறையில் ஒழுகல் வேண்டும் என்னும் கொன்பியூசியசின் அறவுரையை அவன் எடுத்துச் சொன்னமையால், அடிபட்டு நாடுகடத்தப்பட்டான். அரச நாளாகமங்களில் இச்செய்தி இரண்டொரு வரிகளில் அடங்கிவிடுகின்றது. அவ்வரிகளிலிருந்து முளைத்ததே 2005இல் வெளிவந்து ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்த 'அரசனும் கோமாளியும்' என்னும் திரைப்படம்.

இலங்கை மக்கள் நன்கறிந்த கொரியத் தொடரொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. ரூபவாஹினியிற் சிங்கள மொழியில் 'சுஜாதா தியணி' என்ற பெயருடன் ஒளிபரப்பாகிய அத்தொடர், 16ஆம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் மன்னனுக்கு வைத்தியம் செய்த ஜாங்-கும் என்னும் பெண்ணின் கதையாகும். அரண்மனை வைத்தியப் பெண்கள் தாழ்ந்த நிலையினரிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டனர். ஆதலால் மன்னனின் நம்பிக்கைக்குரியவளாய் இருந்தும், நாளாகமங்களில் அவள் ஜாங்-கும் என்றே குறிக்கப்படுகின்றாள், குடிப்பெயர் காணப்படவில்லை. தொடரில் வரும் 'சோ' என்னும் குடிப்பெயர் ஆசிரியர் படைத்துக் கொடுத்தது. ஆனால் அவளாக நடித்த லீ யோங்-ஏ என்னும் நடிகையின் குடிப்பெயரோ, அம்மன்னனின் குடிக்குரிய அதே லீ! காலம் செய்த மாற்றத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பெயர் பெற்ற வரலாறு

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? ஜோசொன் ஆட்சியின் பிற்பகுதியில் அரசாங்கத்துக்குப் பொருள் முட்டுப்பாடு ஏற்பட்டபோது, பெயர் எழுதும் இடம் வெறுமையாக விடப்பட்ட பட்டப் பத்திரங்கள் விற்கப்பட்டன. பணம் படைத்த பொதுமக்கள் அவற்றை வாங்கினர். வறுமையுற்ற பிரபுக்களின் வமிசாவளி ஏடுகளில் விலைகொடுத்து இடம்பெற்றோரும் உளர். 1801இல் அரசாங்க அடிமைகளிற் பெரும்பாலார் விடுதலை செய்யப்பட்டனர்.

1894ஆம் ஆண்டில் நிகழ்ந்த பெருஞ்சீர்திருத்தம் அடிமை முறையையும் பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வையும் சட்டத்தால் ஒழித்தது. அச்சீர்திருத்த விதிகளுள் ஒன்று, அஞ்சல் நிலையத்துப் பணியாளர், தோல் வினைஞர் ஆகியோரோடு கூத்தரையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அவர்களை இழிநிலையிலிருந்து நீக்கிற்று. கொரியக் கலையுலகின் விடுதலைப் பத்திரம் என்று அதனைக் கூறலாம்.

பின்னர், 1909இல் வந்த குடிப்பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு குடிப்பெயர் வேண்டும் என விதித்தது. அதுவரை பெயரற்றிருந்தோர் எப்பெயரைத் தெரிந்திருப்பர்? தம்மை ஆண்ட எசமானின் பெயரை ஏற்றோர் சிலர். தம் ஊரிற் செல்வாக்குடைய குடியின் பெயரை ஏற்றோர் பலர். மன்னர் குடிகளாகிய கிம், லீ, பார்க் என்பன பெருகியமைக்கு இஃதொரு முதன்மையான காரணம். எனவே ஒரே பெயருடையோர் அனைவரும் ஒரே முன்னோனின் குருதி வழியினர் என்று கொள்ளுதல் பொருந்தாது.

காதலுக்கு வந்த தடை

ஆயினும் சட்டம் அவர்களை ஒரே குருதியினராகவே கருதிற்று. குடிப்பெயரும் மூல ஊரும் ஒன்றாயுள்ள ஆணும் பெண்ணும் விவாகஞ் செய்தலாகாது என்பது பழைய வழக்கு. 1960இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டமும் அதனையே விதித்தது. கிம்ஹே கிம் குடியினர் மட்டும் பல இலட்சக் கணக்கினராயிருக்கும் நாட்டில் இதன் விளைவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகத்திலோ தொழிற்சாலையிலோ சந்தித்து அன்பு கொண்ட இருவர், தம் மூல ஊரும் ஒன்றே என்பதை அறிந்து மனமுடைந்தனர். சட்டத்தை மீறிக் கூடி வாழ்ந்தோரின் விவாகம் பதியப்படவில்லை. அவர்தம் பிள்ளைகளும் முறைப்படி பிறந்தோராகக் கொள்ளப்படவில்லை. 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் மட்டும் தற்காலிகச் சட்டத்தால் அத்தகையோர்க்குப் பதிவு செய்யும் வாய்ப்பு அளிக்கப்பட்டது.

அவர்களுட் பலரின் பாட்டனார், 1909இல் ஒரு எழுதுவினைஞரின் முன்னிலையில் அப்பெயரை முதன்முதலாக ஏற்றவராயிருத்தல் கூடும். இரவலாய்ப் பெற்ற பெயர் பேரப்பிள்ளைகளின் மணவறைக்கு வேலியாயிற்று! 1997ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அரசியலமைப்பு நீதிமன்றம் இத்தடை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. 2005இற் சட்டமும் திருத்தப்பட்டது. இன்று நெருங்கிய உறவினர்க்கிடையே மட்டுமே தடை உண்டு. 2008 முதல், பெற்றோர் விவாகப் பதிவின்போது உடன்பட்டால், பிள்ளை தாயின் குடிப்பெயரையும் பெறலாம்.

பறிக்கப்பட்ட பெயரும் மறைந்த பெயரும்

அரிதிற் கிடைத்த பெயரை இழக்கும் நிலையும் கொரியர்க்கு வந்தது. நாட்டை ஆண்ட யப்பானியர் 1940இல் ஆறு மாத தவணை கொடுத்து, யப்பானிய முறையிற் குடிப்பெயர் பதியுமாறு பணித்தனர். நெருக்குதலின் காரணமாக ஏறக்குறைய நூற்றுக்கு 80 குடும்பங்கள் அவ்வாறு பதிந்தன. விடுதலைக்குப் பின், 1946இலேயே பழைய பெயர்கள் மீண்டன. அக்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நடனக் கலைஞர் சொய் சுங்-ஹி. 1911இல் யாங்பன் குடும்பத்திற் பிறந்த அவர், நடனம் கிசேங் மகளிரின் தொழில் என்று கருதப்பட்ட காலத்திலே துணிந்து மேடையேறி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆடிப் பாராட்டுப் பெற்றார். ஆனால் யப்பானிய மேடைகளில் அவர் பெயர் 'சாய் ஷோக்கி' என்றே ஒலித்தது.

வேறொரு பெயரின் கதை மிகப் பழையது. லீ குடியினர் அரசைக் கைப்பற்றியபின், 1394இல் முன்னைய கொர்யோ அரச குடியினராகிய வாங் என்போர் தேடிப் பிடிக்கப்பட்டுக் கடலில் ஆழ்த்திக் கொல்லப்பட்டனர். தப்பியோர், 'வாங்' என்னும் சீன எழுத்துடன் சில கீறுகளைச் சேர்த்து 'ஜொன்', 'ஒக்' முதலிய பெயர்களுள் மறைந்து வாழ்ந்தனர் என்பது மரபு. இன்று ஜொன் ஜி-ஹியுன் என்று ஆசியாவெங்கும் அறியப்படும் நடிகையின் இயற்பெயர் வாங் ஜி-ஹியுன். கலைக்காகச் சூட்டிய பெயரிலே பழங்கதை மீண்டும் தலைகாட்டுவது தற்செயலே எனினும் வியப்புக்குரியது.

மேடையும் மதிப்பும்

பலர்க்குப் பொதுவாகிய பெயர் தனித்தன்மை தருவதில்லை. ஆகவே கலைஞர் பலர் வேறு பெயர் சூடிக்கொண்டனர். 2012இல் 'கங்னம் ஸ்டைல்' பாடலால் உலகை ஆட்டிவைத்த சை என்பவர் பார்க் ஜே-சாங். ஐயூ என்னும் பாடகி லீ ஜி-உன். மழை என்று பொருள்படும் 'பீ' என்னும் பெயருடையவர் ஜங் ஜி-ஹூன்.

பெயருக்கும் நிலைக்கும் இன்று தொடர்பில்லை என்பதைக் காட்டும் படமொன்றும் உண்டு. போங் ஜூன்-ஹோ இயக்கி, 2020இல் ஒஸ்கார் விழாவில் மிகச் சிறந்த படத்துக்கான பரிசைப் பெற்ற பரசைட் என்பதே அது. அதில் வரும் குடும்பங்கள் இரண்டு. நிலத்தின் கீழ் பாதி புதைந்த இருண்ட அறைகளில் வாழும் வறியவர் கிம் குடும்பத்தினர். குன்றின்மேல் மாளிகையில் வாழும் செல்வர் பார்க் குடும்பத்தினர். சில்லா இராச்சியத்தின் சிம்மாசனத்தில் மாறி மாறி அமர்ந்த குடிகளின் பெயர்கள் அவை! பொன்னைக் குறிக்கும் பெயருடையோர் வீட்டிலே மழை வெள்ளம் புகுகின்றது. பெயர் அவர்களைக் காக்கவில்லை.

2018ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலே தென் கொரிய அரசாங்கம் பி.ரி.எஸ். குழுவின் இளைஞர் எழுவருக்கும் பண்பாட்டுச் சேவைக்கான விருதளித்துச் சிறப்பித்தது. கூத்தரை இழிநிலையிலிருந்து நீக்கிய விதி பிறந்து அப்போது 124 ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வெழுவருள் எவருடைய மூதாதை முடி புனைந்திருந்தான், எவருடைய மூதாதை முச்சந்தியிற் கயிற்றின்மேல் நடந்தான் என்பதைக் குடிப்பெயரை மட்டும் கொண்டு எவராலும் துணிந்து கூறமுடியாது. அரங்கில் அவர்களைப் பாடவும் ஆடவும் வைத்தது அவர்தம் பல்லாண்டுப் பயிற்சியே. பிள்ளைகள் அவர்தம் பாடல்களைக் கேட்கும்போது, பெயரின்றி ஆடி மறைந்த அப்பழங்கூத்தரையும் ஒருகணம் நினைப்பாராக.